மண்ணின் நிறம் சுவருக்கு மட்டும்தானா?

வீட்டுச் சுவருக்கு எந்த வர்ணம் பூசுவது என்பதெல்லாம் மார்க்க விஷயமா, இதற்கும் ஒரு கட்டுரையா என்று வாசக நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றில் தெரிந்துகொள்ள வேண்டியவை ஆயிரம் இருக்கையில், சுவர் எந்த நிறத்தில் இருந்தால் என்ன என்று தோன்றுவது இயற்கையே. ஆயினும் ஒரு முஸ்லிமின் வாழ்வில் மார்க்கம் எட்டிப் பார்க்காத மூலை கிடையாது. பணம் செலவாகிற இடத்தில் அதற்குக் கேள்வி கணக்கு உண்டு. பிறர் பார்வை படுகிற இடத்தில் நிய்யத்துக்குச் சோதனை உண்டு. சுவருக்கு வர்ணம் பூசுவதில் இவ்விரண்டுமே இருக்கின்றன.

ஆரணிவாசிகளுக்கு நிறத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. இது பட்டுக்குப் பேர்போன ஊர். சாயப்பட்டறையில் நூல் தோய்ப்பவரும், குழித்தறியில் அமர்ந்து நெய்பவரும், சேலையை வாங்கி விற்பவரும் நிறத்தின் நுட்பம் அறிந்தவர்கள். மற்றவர்கள் ‘பிரவுன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை இவர்கள் அரக்கு, பாக்கு நிறம், காப்பிப்பொடி நிறம், தேன் நிறம், தவிட்டு நிறம் என்று தனித்தனியே பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

முன்பெல்லாம் ரமளான் பிறக்குமுன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். சுவரின் அடிப்பாகத்தில் அழுக்குத் தெரியாமலிருக்கக் காவியைக் கரைத்து ஒரு பட்டை இழுப்பார்கள். அதோடு வேலை முடிந்தது. இப்போது பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் எமல்ஷன் பூசுகிறார்கள். கடைக்காரர் தரும் வர்ண அட்டையை வீடே கூடி நின்று பார்க்கிறது. கூடத்தில் ஒரு சுவரையாவது செம்மை கலந்த பழுப்பில் பூச வேண்டும் என்ற ஆசை பல வீடுகளில் இருக்கிறது. வெள்ளை சீக்கிரம் அழுக்குப்படுகிறது, பழுப்பு வீட்டுக்கு ஒரு நிறைவைத் தருகிறது, மாலையில் விளக்கு ஏற்றினால் கூடம் இதமாக இருக்கிறது என்று காரணம் சொல்கிறார்கள்.

இது ஆகுமா? ஆகுமென்றால் எதுவரை ஆகும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போது வேறொரு பெரிய கேள்வியும் நம்மை வழிமறிக்கிறது. அதனையும் தட்டிக்கழிக்காமல் பார்ப்போம்.

அழகு வேறு, ஆணவம் வேறு

பொருள்களின் அடிப்படைச் சட்டம் ஆகுமானது என்பதே. விலக்குவதற்கு ஆதாரம் வராத வரை ஒன்றை ஹராம் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. தன் அடியார்களுக்காக அல்லாஹ் வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடுத்தவர் யார் என்ற கருத்தில் அல்லாஹ் தஆலா ‘அல் அஃராஃப்’ அத்தியாயத்தில் கேட்கிறான். அதற்கு முந்திய வசனத்திலேயே வீண் விரயம் கூடாது என்றும் எச்சரிக்கிறான். அனுமதியும் எல்லையும் அடுத்தடுத்து வருகின்றன. பனூ இஸ்ராயீல் சமூகத்தார் அறுக்க வேண்டிய பசுவின் நிறத்தைச் சொல்லும்போது, அது பார்ப்பவர்களை மகிழ்விக்கும் மஞ்சள் என்று அல்லாஹ்வே வர்ணிக்கிறான். நிறத்தைக் கண்டு கண் மகிழ்வது குற்றமல்ல என்பதற்கு இது போதும்.

உள்ளத்தில் அணுவளவு பெருமை உள்ளவர் சுவர்க்கம் நுழையமாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, ஒருவர் எழுந்து, தன் உடையும் காலணியும் அழகாயிருக்க வேண்டும் என மனிதன் விரும்புகிறானே, அதுவுமா என்று கேட்டார். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்று விளக்கிய பெருமானார் (ஸல்) அவர்கள், பெருமை என்பது சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாகப் பார்ப்பதுமாகும் என்று இலக்கணம் வகுத்துத் தந்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீஸ்.

இந்த இலக்கணத்தை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். அழகான ஒன்றை வைத்திருப்பது பெருமையாகாது. அதை வைத்துக்கொண்டு இன்னொரு மனிதனைத் தாழ்வாகப் பார்ப்பதே பெருமை. சுவரின் நிறம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குச் சுவரில் விடை கிடைக்காது. அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும் மனிதரை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது.

கல்லுக்கும் மண்ணுக்கும் உடை

இதற்கு மாறாகத் தோன்றும் சில ஹதீஸ்களும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பியபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாசலில் ஒரு விரிப்பைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் கண்ட நபியவர்களின் முகத்தில் வெறுப்புத் தெரிந்தது. அதை இழுத்து அகற்றிவிட்டு, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்தும்படி அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்ற கருத்தில் சொன்னார்கள். அன்னையவர்கள் அந்த விரிப்பை வெட்டித் தலையணைகள் செய்தபோது அதனை அவர்கள் குறை கூறவில்லை. துணியை ஒருவர் பயன்படுத்தும்போது ஆட்சேபமில்லை. சுவரும் வாசலும் அணிந்துகொள்ளும்போது ஆட்சேபம் வருகிறது.

ஸஹாபாக்கள் இதை எவ்வளவு கண்டிப்புடன் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இப்னு உமர் (ரலி) அவர்கள் வீட்டுத் திருமணம் சாட்சி. தம் மகன் ஸாலிமின் திருமண விருந்துக்கு அவர்கள் அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களை அழைத்திருந்தார்கள். வந்தவர் பார்த்தால் வீட்டுச் சுவர்களில் பச்சைத் துணி போர்த்தப்பட்டிருந்தது. சுவர்களுக்கா துணி போர்த்துகிறீர்கள் என்று வினவினார்கள். பெண்கள் எங்களை மிகைத்துவிட்டனர் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் வெட்கத்துடன் பதில் சொன்னார்கள். வேறு யாரைப் பற்றி அஞ்சினாலும் உங்களைப் பற்றி இப்படி அஞ்சவில்லையே என்று கூறி, அபூ அய்யூப் (ரலி) அவர்கள் உணவருந்தாமலே திரும்பிவிட்டார்கள். பச்சை நிறமாயிற்றே என்று அவர்கள் சமாதானம் ஆகவில்லை. இதைப் படித்துவிட்டு இன்றைய ஆண்கள் எல்லாப் பழியையும் பெண்கள் மீது போட்டுவிடவும் வேண்டாம். அபூ அய்யூப் (ரலி) அவர்கள் கேட்டது வீட்டுத் தலைவரைத்தான்.

அப்படியானால் சுவரை அலங்கரிப்பது ஹராமா? ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். கட்டளையிடவில்லை என்ற சொல், அது கடமையும் அல்ல, விரும்பத்தக்கதும் அல்ல என்பதையே காட்டும். ஹராம் என்பதை அச்சொல் நேரடியாகக் காட்டாது என்பது அவர்களின் விளக்கம். ஷாஃபிஈ மத்ஹபு அறிஞர்களில் பெரும்பாலோர் துணியால் சுவரைப் போர்த்துவதை மக்ரூஹ் தன்ஸீஹ் என்று கூற, ஷைகு நஸ்ர் அல் மக்திஸீ (ரஹ்) போன்றோர் ஹராம் என்றே கூறியுள்ளனர்.

வர்ணம் பூசுவது துணி போர்த்துவதைப் போன்றதுதானா? நம் பார்வையில் இரண்டும் முழுக்க ஒன்றல்ல. துணி சுவருக்கு எந்த உபகாரமும் செய்வதில்லை. வர்ணமோ ஈரத்திலிருந்தும் அரிப்பிலிருந்தும் சுவரைக் காக்கிறது. துடைத்துச் சுத்தம் செய்ய வழிசெய்கிறது. சுண்ணம் பூசுவது எந்த இனமோ, அந்த இனம். ஹிஜ்ரி 29-ல் உதுமான் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியைப் புதுப்பித்தபோது செதுக்கிய கற்களாலும் சுண்ணத்தாலும் சுவர் எழுப்பி, தேக்கு மரத்தால் கூரை அமைத்தார்கள். பூச்சு என்பதே கூடாதென்றால் அன்னார் அதைச் செய்திருக்க மாட்டார்கள். ஆகவே தேவைக்கும் சுத்தத்துக்கும் அளவான அழகுக்கும் வர்ணம் பூசுவது முபாஹ். அந்த அளவைத் தாண்டி, பார்ப்பவர் வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காகவே பூசும்போது, துணி போர்த்திய சுவருக்கு என்ன குறை வந்ததோ அது இதற்கும் வரும்.

உமர் (ரலி) அவர்களின் எச்சரிக்கை

நிறத்தைப் பெயர் சொல்லியே எச்சரித்தவர் உமர் (ரலி) அவர்கள். பள்ளிவாசலைப் புதுப்பிக்க உத்தரவிட்டபோது, மக்களை மழையிலிருந்து காப்பாற்று. சிவப்போ மஞ்சளோ பூசி அவர்களைச் சோதனையில் ஆழ்த்திவிடாதே என்ற கருத்தில் கட்டளையிட்டார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவுசெய்துள்ளார்கள். அவர்களின் அச்சம் நிறத்தைப் பற்றியது அல்ல. தொழ வந்தவர் கண் சுவரில் ஒட்டிக்கொண்டால் கல்பு எங்கே நிற்கும் என்பதுதான் அச்சம். நபி (ஸல்) அவர்களும், தொழுகையில் தம் கவனத்தைத் திருப்பிய சித்திரத் திரையை அகற்றும்படி ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இதிலிருந்து நம் வீடுகளுக்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கிறது. நம் பகுதியில் கிப்லா மேற்கே, சற்று வடக்கே சாய்ந்து அமைகிறது. ஆகையால் வீட்டில் பெண்களும் முதியவர்களும் தொழுகிற அறையின் மேற்குச் சுவர் எந்தப் பூவும் கொடியும் இல்லாமல் ஒரே நிறமாக, முகம் தெரிகிற பளபளப்பு இல்லாமல் இருப்பது நல்லது. பழுப்பு நிறம் இதற்கு மிகவும் ஏற்றது, கண்ணை இழுக்காது. ஆனால் தறி போட்டிருக்கும் அறைக்கு அதே பழுப்பு ஆகாது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும் பகுதியைத் திருப்பித் தருகிறது. அடர்ந்த பழுப்பு பெரும் பகுதியை விழுங்கிவிடுகிறது. அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கும் நெசவாளியின் கண்ணுக்கு அது துன்பம். கூடத்து அழகுக்காக உழைப்பவர் கண்ணைக் கெடுப்பது புத்தியுமல்ல, மார்க்கமுமல்ல.

காவி நமக்கு ஆகுமா?

இந்த நிறம் காவியை ஒத்திருக்கிறது, காவி பிற சமயத் துறவிகளின் அடையாளம், முஸ்லிம் வீட்டுக்குப் பச்சைதானே பொருத்தம் என்று சிலர் தயங்குகிறார்கள். பிற மதத்தாரின் மதச் சின்னத்தை நாம் மேற்கொள்ளலாகாது என்பது உண்மை. ஆனால் மண்ணின் நிறம் எந்தச் சமூகத்தின் சொத்தும் அல்ல. செம்மண்ணிலும் காவிக்கல்லிலும் கலந்திருக்கும் இரும்புத் துருவே அந்த நிறத்தைத் தருகிறது. மலைகளில் வெண்மையும் சிவப்புமான, பல நிறம் கொண்ட பாதைகளைத் தானே அமைத்திருப்பதாக அல்லாஹ் ‘ஃபாத்திர்’ அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறான். வெறும் பழுப்புச் சுவர் மதச் சின்னம் ஆகாது. சுவர்க்கவாசிகளின் உடை பச்சை என்று குர்ஆனில் வருவது உண்மையே. வீட்டுச் சுவர் பச்சையாக இருக்க வேண்டும் என்று எங்கும் வரவில்லை.

மண் நிறம்தான் சுன்னத் என்று மறுபுறமும் யாரும் கிளம்பிவிட வேண்டாம். நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் பச்சை மண் கற்களால் கட்டப்பட்டது. தூண்கள் பேரீச்ச மரங்கள். கூரை அதன் மட்டைகள். அன்னையர்களின் அறைகளும் மண்ணாலும் பேரீச்ச மட்டையாலும் ஆனவையே. சிறுவராக அவற்றில் நுழைந்தபோது கூரையைக் கையால் தொட முடிந்ததாக ஹஸன் அல் பஸரீ (ரஹ்) அவர்கள் நினைவுகூர்ந்துள்ளார்கள். அந்தச் சுவர்கள் மண் நிறத்தில் இருந்தது வர்ண அட்டை பார்த்துத் தேர்ந்தெடுத்ததனால் அல்ல. அவை மண்ணாகவே இருந்ததனால்.

ஹிஜ்ரி 88-ல் கலீஃபா வலீதின் உத்தரவுப்படி, பள்ளியை விரிவுபடுத்த அந்த அறைகள் இடிக்கப்பட்டபோது மதீனா நகரமே அழுதது. அவற்றை அப்படியே விட்டிருக்கக் கூடாதா, நபியவர்கள் எதைக்கொண்டு திருப்தியடைந்தார்கள் என்பதைப் பின்வரும் மக்கள் கண்ணால் பார்த்திருப்பார்களே என்று ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள் ஏங்கினார்கள். இன்று மண் நிறத்தை ஆயிரக்கணக்கில் செலவிட்டு வாங்கிப் பூசுகிறோம். அந்த நிறத்தோடு அந்தத் திருப்தியும் வீட்டுக்குள் வருகிறதா என்பதுதான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது.

செலவும் கூலியும்

சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கப்பாப் (ரலி) அவர்கள், முஸ்லிம் செலவிடும் ஒவ்வொன்றுக்கும் நற்கூலி உண்டு, இந்த மண்ணில் போடுவதைத் தவிர என்ற கருத்தில் சொன்னதாகப் புகாரியில் இருக்கிறது. அவர்களே சுவர் கட்டிக்கொண்டுதான் இதைச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தேவையான கட்டடம் பாவமல்ல. ஆனால் அதில் போடுகிற பணம் மறுமைக்கு முன்கூட்டியே அனுப்பிவைக்கிற பணமல்ல என்ற நினைவு வேண்டும்.

ஆகவே கடன் வாங்கி வர்ணம் பூசுவது வேண்டாம். வட்டிக்கு வாங்கினால் அது ஹராமான கடனில் எழுந்த அழகு. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாவத்தையும் பார்க்க நேரும். வாடகை வீட்டில் குடியிருப்பவர் உரிமையாளரின் அனுமதியின்றி நிறம் மாற்றலாகாது. சுவர் அவருடைய அமானத். வேலை முடிந்த பிறகு, இன்னும் ஒரு தடவை அடித்துவிட்டுப் போங்கள் என்று சம்பளமில்லாமல் வேலை வாங்குவதும், அடுத்த வாரம் வாருங்கள் என்று கூலியை இழுத்தடிப்பதும், வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிக்கு உம்மத்தாக இருப்பவர்களுக்கு அழகல்ல. சாரத்தில் ஏறி நின்று, நாளெல்லாம் வர்ண வாடையைச் சுவாசித்தவரின் கூலி நம் வீட்டில் தங்கிவிட்டால், அந்தச் சுவரின் ஒரு பங்கு நமக்குச் சொந்தமில்லை.

பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்பதும் மார்க்கத்தின் அடிப்படை விதி. பழைய மஞ்சள், சிவப்பு எனாமல் பெயின்ட்டுகள் பலவற்றில் நிறத்துக்காக ஈயம் சேர்த்தார்கள். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. வாங்கும்போது டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்தத் தூசியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

சுவருக்கு ஆகும், முகத்துக்கு ஆகாதா?

இனி, நம்மை வழிமறிக்கும் அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம்.

நம் வீடுகளுக்கு வர்ணம் பூசப்படும் காலம் எது? பெரும்பாலும் திருமணத்தை ஒட்டியே. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முதலில் சுவர்தான் மாறுகிறது. வருகிறவர்கள் கூடத்தில் அமர்கிறார்கள். சுவரை ஏறிட்டுப் பார்க்கிறார்கள். நிறம் எடுப்பாக இருக்கிறது, கண்ணுக்கு இதமாக இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று விசாரிக்கிறார்கள். அதே சுவருக்கு முன்னால் அந்த வீட்டுப் பெண் வந்து ஸலாம் சொல்லி நிற்கிறாள். அவளுடைய முகமும் ஏறக்குறைய அதே நிறம்தான். இரண்டு நாள் கழித்துச் செய்தி வருகிறது: குடும்பம் நல்ல குடும்பம், பெண்ணும் ஓதியவள், ஆனால் நிறம்தான் கொஞ்சம் கம்மி!

கம்மி என்றால் எதிலிருந்து கம்மி? பணம் கொடுத்துச் சுவருக்கு வாங்கிய நிறம் அழகாகவும், அல்லாஹ் பணம் வாங்காமல் முகத்துக்குக் கொடுத்த நிறம் குறையாகவும் ஆனது எப்படி? சில இடங்களில் சம்பந்தம் முறிவதில்லை. நிறத்துக்கு ஈடாகக் கைக்கூலி ஏறுகிறது. மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய ஆண், பெண்ணின் தோலுக்கு அபராதம் வசூலிக்கிறான். இதைவிடத் தலைகீழான வியாபாரம் உண்டா?

பூமி முழுவதிலிருந்தும் எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்து அல்லாஹ் ஆதம் (அலை) அவர்களைப் படைத்தான். ஆகவே அவர்களின் மக்கள் அந்த மண்ணைப் போலவே சிவப்பு, வெள்ளை, கறுப்பு, இவற்றுக்கு இடைப்பட்ட நிறம் என்று வந்தனர் என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் ஹதீஸ் வருகிறது. மேலும் அரபியில் ‘ஆதம்’ என்ற சொல்லுக்கே மாநிறத்தவர் என்ற பொருள் உண்டு. மிஃராஜ் இரவில் தாம் கண்ட மூஸா (அலை) அவர்களை நபி (ஸல்) அவர்கள் வர்ணித்தபோது இச்சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்: உயரமானவர், மாநிறத்தவர். அல்லாஹ்வோடு நேரில் பேசிய நபியின் மேனி நிறம் நம் கூடத்துப் பெண்ணுக்கு இருந்தால், அது கம்மியா? மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சி என்று ‘அர்ரூம்’ அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்லியிருக்க, அவனுடைய அத்தாட்சியையே குறை என்று நாம் எழுதி வைத்திருக்கிறோம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். மணமுடிக்குமுன் பெண்ணைப் பார்த்துக்கொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது. பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த முடியுமா? முடியாது. மனத்துக்குப் பிடிப்பது மனிதன் கையில் இல்லை. அழகுக்காகவும் பெண் மணமுடிக்கப்படுகிறாள் என்று நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். மார்க்கப் பற்றுள்ளவளைத் தேர்ந்துகொள் என்று வழிகாட்டியும் இருக்கிறார்கள். ஒருவர் மணமுடிக்க மறுத்துவிட்டதால் பாவியாகிவிட மாட்டார். ஆனால் மறுத்த பிறகு அந்தப் பெண்ணின் நிறத்தை ஊருக்குள் பேசுவது, அவள் காதில் விழும்படி சொல்வது, அதற்கு விலை வைப்பது ஆகியவை வெறும் விருப்பு வெறுப்பு அல்ல. மனிதர்களை இழிவாகப் பார்ப்பது என்று நபியவர்கள் இலக்கணம் சொன்ன பெருமை அப்பட்டமாக இதுவே. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்று கூறிய இறைவன், அத்துடன் நில்லாமல் பெண்களைத் தனியாகக் குறிப்பிட்டும் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தில் தடுத்திருக்கிறான்.

அபூதர் (ரலி) அவர்கள் ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துரைத்தபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டிப்பு அபூதர் (ரலி) அவர்களை எப்படி மாற்றியதென்றால், பிற்காலத்தில் தாமும் தம் பணியாளும் ஒரே விதமான ஆடை அணிந்து நடமாடினார்கள். நாமோ ஒரு பெண்ணை அவள் தோலைச் சொல்லி இழித்துவிட்டு, அடுத்த வக்துக்கு ஒளுச் செய்துகொண்டு போகிறோம்.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் குறைஷிக் குலத்தவர். அவர்களைப் பெண் கேட்டு முஆவியா (ரலி), அபூ ஜஹ்ம் (ரலி) போன்றோர் வந்திருந்தனர். நபி (ஸல்) அவர்கள் உஸாமாவை மணந்துகொள் என்றார்கள். உஸாமா (ரலி) அவர்கள் விடுதலை பெற்ற அடிமையின் மகன். மிகக் கறுத்த மேனியர். முதலில் அந்த அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை. அவர்கள் இதை மறைக்காமல் தாமே சொல்லியிருக்கிறார்கள். நபியவர்கள் மீண்டும் கூறவே மணந்துகொண்டார்கள். பிறகு அல்லாஹ் அதில் எவ்வளவு நன்மையை வைத்தானென்றால், மற்றவர்கள் தம்மைப் பார்த்துப் பொறாமைப்படும்படி ஆயிற்று என்று அவர்களே கூறுகிறார்கள். முதற்பார்வை சொல்வதெல்லாம் தீர்ப்பாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மகளின் நிறத்தைக் குறித்துக் கவலைப்பட்டு, சிறு வயது முதலே வெயிலில் போகாதே, இதைப் பூசு, அதைத் தடவு என்று சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில், குறை சொல்லும் முதல் ஆள் வெளியிலிருந்து வருவதில்லை. அவள் மனத்தில் அந்த வடுவைப் போடுபவர்கள் நாமே. எந்தச் சுவரையும் மறுபடி பூசிவிடலாம். ஒரு குழந்தையின் மனத்தில் பதிந்ததை அவ்வளவு எளிதில் பூசி மறைக்க முடியாது.

அல்லாஹ்வின் சாயம்

திருமறை மார்க்கத்துக்கு ஓர் அபூர்வமான பெயர் சூட்டியிருக்கிறது: ‘ஸிப்கத்துல்லாஹ்’, அல்லாஹ்வின் சாயம். ‘அல்பகரா’ அத்தியாயத்தில் வரும் இச்சொல்லின் அருமை மற்றவர்களைவிட ஆரணிக்காரர்களுக்கு நன்கு விளங்கும். அரபியில் சாயம் தோய்ப்பவருக்கு ‘ஸப்பாஃக்’ என்று பெயர். இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றுதான்.

சுவரின் வர்ணத்துக்கும் நூலின் சாயத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். சுவரில் பூசுவது மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் கீறினால் அடியில் பழைய சுவர் தெரிகிறது. பட்டில் ஏறும் சாயம் இழைக்குள் ஊறிவிடுகிறது. ஆனால் கச்சாப் பட்டு உடனே சாயம் ஏற்பதில்லை. அதன்மேல் இயற்கையாகவே ஒரு பசை படிந்திருக்கும்; எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதுவே. சோப்பு நீரில் கொதிக்கவைத்து அந்தப் பசையைப் போக்கிய பிறகுதான் நூலுக்கு மினுமினுப்பும் வரும், சாயமும் சீராகப் பிடிக்கும். எடை குறைகிறதே என்று பசையை விட்டுவைத்தால் சாயம் திட்டுத்திட்டாய் நிற்கும்.

மனிதனின் உள்ளத்தில் படிந்திருக்கும் அந்தப் பசைதான் பெருமை. நம் எடையைக் கூட்டிக் காட்டுவதும் அதுதான். அல்லாஹ்வின் சாயத்தை உள்ளே விடாமல் தடுப்பதும் அதுதான். தொழுகிறோம், ஓதுகிறோம், ஆனால் ஒரு பெண்ணின் மாநிறத்தைக் கண்டு முகம் சுளிக்கிறோம் என்றால், மார்க்கம் நம்மிடம் சுவரில் வர்ணம் போலத்தான் இருக்கிறது. நூலில் சாயம் போல இல்லை.

ஆகவே, விரும்பியவர்கள் வீட்டுக்குப் பழுப்பு வர்ணம் பூசிக்கொள்ளட்டும். ஹலாலான பணத்தில், கடனின்றி, கூலியைக் குறைவின்றிக் கொடுத்து, அளவோடு பூசிக்கொள்ளட்டும். அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம், இது நான் படைக்கப்பட்ட மண்ணின் நிறம், நாளை நான் திரும்பிப் போகிற மண்ணின் நிறம் என்று நினைத்துக்கொண்டால், பூசிய வர்ணமும் ஒரு நஸீஹத்தாகிவிடும். அந்த நிறத்தோடு ஒரு பெண் நம் வாசலுக்கு மருமகளாக வரும்போது, சுவருக்குக் கொடுத்த மதிப்பையாவது அவளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களை அழகாக்குவதுபோல் நம் உள்ளங்களையும் அழகாக்கி, பெருமையின் பசையைப் போக்கி, தன் சாயத்தில் நம்மைத் தோய்த்தெடுப்பானாக! ஆமீன்.